திரையில் வலப்பக்கம் ஓடும் மத்திய கைலாஷ்

சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரி, இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் கண்காட்சிக்கு நம்மை அழைத்திருந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு மேசை. மடிக்கணினித் திரையில் மத்திய கைலாஷ் சந்திப்பு. சர்தார் படேல் சாலையும் ராஜீவ் காந்தி சாலையும் கூடுகிற அந்த இடத்தில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு, வானத்திலிருந்து காட்டினாலும் அது அடையாளம் தெரியும். சாலைகளில் கார்கள் மஞ்சள் முக்கோணங்களாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கம்பம். அதிலிருந்து ரேடியோ அலை வளையம் வளையமாக விரிந்தது. முன்னால் ஒரு கார் திடீரென்று நிற்கிறது. செய்தி பறக்கிறது. பின்னால் வரும் முக்கோணங்கள் சமர்த்தாக வேறு தெருவில் திரும்பிவிடுகின்றன. பயண நேரம் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை மாணவி புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை ஒப்பித்தார்.

"ஏம்மா, வண்டியெல்லாம் ரைட் சைடுல போகுதே?"

அவர் திரையை ஒருமுறை பார்த்தார். நம்மை ஒருமுறை பார்த்தார். "அது டீஃபால்ட் சார். மேப்பை கன்வெர்ட் பண்ணும்போது லெஃப்ட் ஹேண்ட்னு ஒரு ஆப்ஷன் குடுக்கணும். விட்டுட்டேன்."

சீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூ என்று மூன்று தடவை பேராசிரியர்கள் முன்னால் இந்தத் திரை ஓடியிருக்கிறது. அவர்கள் எல்லோரும் தினமும் சாலையின் இடப்பக்கமாகத்தான் கல்லூரிக்கு வருகிறவர்கள். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. முடிவைக் காட்டும் கிராஃபில் சிவப்புக் கோடு நீலக் கோட்டுக்கு மேலே இருந்தது. அது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டோம். விபத்து ஏன் சரியாக 73-ஆவது நொடியில் நடக்கிறது? "அது அப்படியேதான் சார் இருந்துச்சு." உண்மைதான். இந்த ஆராய்ச்சியில் இறங்கும் உலகத்து மாணவர்கள் பெரும்பாலும் தொடங்குவது வெய்ன்ஸ் என்ற இலவச மென்பொருளில். அதோடு வரும் மாதிரி உதாரணம், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் என்ற ஊர். அந்த உதாரணத்தில் 73-ஆவது நொடியில் ஒரு கார் நிற்கும், 50 நொடி கழித்துக் கிளம்பும். எர்லாங்கனின் சாலையை எடுத்துவிட்டு மத்திய கைலாஷைப் பொருத்தியாயிற்று. எர்லாங்கனின் விபத்து மட்டும் அதே நொடியில் வந்து நிற்கிறது.

அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் இதை எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொன்னவர், அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான். கூண்டில் ஏற வேண்டியவர்கள் வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுவோம். ஓடும் வண்டிகள் ஒன்றோடொன்றும், சிக்னல் கம்பத்தோடும் ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது கால் நூற்றாண்டுக் கனவு. வைஃபையின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு தொழில்நுட்பம், 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். ஒவ்வொரு வண்டியும் தான் எங்கே இருக்கிறேன், எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறேன், பிரேக் பிடித்திருக்கிறேனா என்பதை நொடிக்குப் பத்து முறை வரை அறிவிக்கும். சிக்னல் கம்பம், பச்சை இன்னும் எத்தனை நொடி என்று சொல்லும். சுவருக்கு அந்தப்புறம் வருகிற லாரியை ஓட்டுநரின் கண் பார்க்காது, ரேடியோ பார்க்கும். நல்ல கனவு. இதை நையாண்டி செய்ய நமக்கு ஒரு காரணமும் இல்லை.

இதைச் சோதிப்பதுதான் சிரமம். ஆயிரம் வண்டிகளில் கருவி பொருத்தி, அவற்றை மோதும் நிலைக்குக் கொண்டுபோய், செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்று எந்தப் பல்கலைக்கழகமும் பார்க்க முடியாது. எனவே சிமுலேஷன். வண்டிகளை ஒரு மென்பொருள் ஓட்டும். ரேடியோவை இன்னொன்று கணக்குப் போடும். இரண்டும் கணத்துக்குக் கணம் பேசிக்கொள்ளும். வண்டி ஓட்டும் வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது சூமோ. ஜெர்மனியின் வான்–விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கியது. இலவசம், திறந்த மூலம்.

சிமுலேஷன் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது ஒரு சாட்சி. இப்படி இப்படி நடந்தால் இன்னது நடக்கும் என்று சொல்லும் சாட்சி. சாட்சி சொன்னவுடன் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை, குறுக்கு விசாரணை செய்கிறோம். எங்கே நின்று பார்த்தாய், வெளிச்சம் இருந்ததா, முன்னாலேயே யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்கிறோம். சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியின் பெரும்பகுதியில் இந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே, சாட்சியின் கடைசி வாக்கியத்தில் இருக்கும் சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதைத்தான் அறக்கேடு என்கிறோம்.

சூமோவில் ஒரு கார் என்பது என்ன? நாம் எதையும் மாற்றாவிட்டால், 5 மீட்டர் நீளம். முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி நிற்கும். சென்னை சிக்னலில் 2.5 மீட்டர் காலியாக இருந்தால் ஒரு ஸ்கூட்டர் குறுக்காக நுழைந்து, இன்னொன்றுக்கும் இடம் விட்டிருக்கும். முன்வண்டியைத் தொடரும் விதம், ஸ்டெஃபான் க்ராவுஸ் 1998-இல் தன் முனைவர் ஆய்வில் கொடுத்த சூத்திரத்தை ஒட்டியது. அந்தச் சூத்திரத்தின் அழகு, பாதுகாப்பான வேகம் எது என்று ஒவ்வொரு கணமும் கணக்கிட்டு அதை மீறாமல் ஓடுவது. கட்டமைப்பிலேயே அது மோதாத கார். போக்குவரத்து நெரிசலை ஆராய உருவான கார் அது. அந்த வேலைக்கு அருமையானது. அதே காரை அப்படியே வைத்துக்கொண்டு, எங்கள் ரேடியோ முறையால் மோதல்கள் நின்றுவிட்டன என்று எழுதினால் அதற்கு என்ன பெயர்? சைவ உணவகத்தில் சர்வே எடுத்து ஊரே புலால் மறுத்துவிட்டது என்று அறிவிப்பதைப் போன்றது.

சந்திப்புகளில், தடம் மாறும்போது, சில அமைப்புகளில் மோதல் நேரலாம். அப்போது சூமோ என்ன செய்யும் தெரியுமா? வண்டியைத் தூக்கி, அதன் பாதையில் அடுத்த சாலையில் கொண்டுபோய் வைத்துவிடும். டெலிபோர்ட் என்று பெயர். நெரிசலில் 300 நொடி நகராமல் நின்ற வண்டிக்கும் இதே சிகிச்சைதான். ஐந்து நிமிடம் நின்றால் மாயமாய் மறைந்து முன்னால் போய்ச் சேரலாம் என்ற வரம் நிஜ மத்திய கைலாஷில் கிடைத்திருந்தால், இந்நேரம் அங்கே உள்ள கோயிலுக்கு இன்னொரு கோபுரம் எழும்பியிருக்கும்.

சூமோவை உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை ஒரு வண்டியைத் தூக்கி வைக்கும்போதும், இன்ன வண்டி, இன்ன தடத்தில், இன்ன நொடியில், இன்ன காரணத்தால் என்று ஒரு எச்சரிக்கை வரி திரையின் அடியில் வந்து விழும். கையேட்டில் விளக்கம் இருக்கிறது. விரும்பினால் இந்த வசதியை அணைத்தும் விடலாம். கருவி நேர்மையானது. அந்த எச்சரிக்கை வரிகள் எத்தனை வந்தன என்று எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலாவது, எந்த விற்பனைப் படக்காட்சியிலாவது போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். நாம் பார்த்தவற்றில் ஒன்றில்கூட இல்லை.

ரேடியோ பக்கம் வருவோம். 2004-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் டேவிட் காட்ஸும் உடன் ஆய்வாளர்களும், தங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, இவர்கள் உலகம் எப்படிப்பட்டது என்று நம்புகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். உலகம் தட்டையானது. ரேடியோ எட்டும் பரப்பு வட்டமானது. எல்லா ரேடியோவும் ஒரே தூரம் எட்டும். நீ பேசுவது எனக்குக் கேட்டால், நான் பேசுவது உனக்குக் கேட்கும். கேட்டால் முழுசாகக் கேட்கும். தூரம் தெரிந்தால் சிக்னலின் பலம் தெரிந்துவிடும். இப்படி ஆறு. பிறகு மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கி நடந்து அளந்து பார்த்து, ஆறும் தவறு என்று காட்டினார்கள். இதில் நாலாவதைப் பொய் என்று நிரூபிக்க நமக்கு மைதானம்கூடத் தேவையில்லை. "ஹலோ, நீங்க பேசறது கேக்குது, நான் பேசறது கேக்குதா, கேக்குதா?" என்று மொட்டை மாடிக்கு ஓடாதவர் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

அடுத்த வருடம், 2005-இல், கர்கோவ்ஸ்கி, கேம்ப், கோலாக்ரோசோ என்ற மூவர் இன்னும் கசப்பான வேலை ஒன்றைச் செய்தார்கள். இத்துறையின் மதிப்புமிக்க மாநாடு ஒன்றில் 2000 முதல் வெளியான 151 கட்டுரைகளைப் படித்தார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியவை. அவற்றில் கொடுத்திருக்கும் விவரங்களை வைத்து இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்யக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எத்தனை தடவை ஓட்டியது, எந்த சீட் எண் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) என்ற அடிப்படைகளே இல்லை. முந்தைய வருடம் வெளியான ஹாலிவுட் கார்ட்டூன் படம் ஒன்றின் பெயரைச் சொல்லி, நம்பமுடியாதவை என்று சிலேடையாகத் தலைப்பு வைத்தார்கள். உலகத்தின் முதல் வரிசை மாநாட்டின் கதை இது. நம்மூர் ப்ராஜெக்ட் சென்டர்களில் டைட்டில், கோட், ரிப்போர்ட், பிபிடி என்று ஒரே பேக்கேஜாக விற்பனையாகும் சிமுலேஷன்களின் கதை எப்படியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

சரியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெய்ன்ஸை உருவாக்கிய கிறிஸ்டோஃப் சோமரும் குழுவினரும் கட்டடங்கள் ரேடியோவை எவ்வளவு மறைக்கின்றன என்பதைக் கற்பனை செய்யவில்லை. நிஜ வண்டிகளை நிஜத் தெருக்களில் ஓட்டி அளந்தார்கள். ஒரு வெளிச்சுவரைக் கடக்க ஏறத்தாழ 9 டெசிபெல் இழப்பு, அதாவது ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். கட்டடத்துக்குள் கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னொரு 0.4 டெசிபெல். இந்த எண்களை 2011-இல் வெளியிட்டு மென்பொருளிலும் வைத்தார்கள். அதே காலத்தில் மேட் பொபானும் கூட்டாளிகளும், இடையில் நிற்கும் ஒரே ஒரு வண்டி என்ன செய்கிறது என்று அளந்தார்கள். பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு வேன் புகுந்தால் சிக்னல் 20 டெசிபெலுக்கு மேல் விழக்கூடும். நூறில் ஒரு பங்கு. நம் சாலையில் அந்த வேனின் இடத்தில் மாநகரப் பேருந்து ஒன்றும் தண்ணீர் லாரி ஒன்றும் நிற்கும். அளந்தவர்கள் இருக்கும்போது அளக்காமல் வட்டம் வரைகிறவர்களுக்குச் சாக்கு இல்லை. தெரியாமல் செய்தார்கள் என்ற வாதம் 2004-உடன் முடிந்துபோயிற்று.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் உள்வீட்டுச் சண்டை, பத்திரிகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் புரியும். 1999-இல் அந்நாட்டின் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் வண்டிகள் பேசிக்கொள்ள 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. பொதுச் சொத்து, ஏலத்தில் விட்டிருந்தால் எவ்வளவோ கோடி. 2014 ஆகஸ்டில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. சந்திப்பில் குறுக்கே வரும் வண்டியைப் பற்றிய எச்சரிக்கை, இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வருவதைப் பற்றிய எச்சரிக்கை (அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே இடப்பக்கத் திருப்பம்தான் ஆபத்து) என்ற இரண்டே வசதிகள் ஆண்டுக்கு 5,92,000 விபத்துகள் வரை தடுத்து 1,083 உயிர்களைக் காக்கும் என்றது செய்திக்குறிப்பு. முழு அறிக்கையைத் திறந்தால் அந்த எண்ணுக்குக் கீழ்வரம்பு ஒன்று இருக்கிறது: 25,000 விபத்துகள், 49 உயிர்கள்.

நாற்பத்தொன்பதா, ஆயிரத்து எண்பத்து மூன்றா? இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். மதிப்பீடு என்றால் இடைவெளி இருக்கும், அதில் தவறில்லை. அறிக்கை எழுதியவர்கள் இரண்டு எண்ணையும் போட்டார்கள். அவர்கள் கடமையைச் செய்தார்கள். செய்திக்குறிப்பு எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எடுத்தார்கள். மேடைகளிலும் தலைப்புகளிலும் உலவியதும் அந்த ஒன்றுதான். 2016 டிசம்பரில் எல்லாப் புதிய கார்களிலும் இதைக் கட்டாயமாக்கும் வரைவு வந்தது. சட்டமாகாமலே கிடந்து பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2020 நவம்பரில் ஆணையம், இருபது வருடமாகியும் இந்த அலைவரிசை சாலையில் பெரிதாகப் பயன்படவில்லை என்று சொல்லி, 75-இல் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்துவிட்டது. மீதி 30-ஐ வேறொரு தொழில்நுட்பத்துக்கு மாற்றியது. கார் நிறுவனங்களின் தயக்கம், போட்டித் தொழில்நுட்பம், அரசியல் என்று இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. மேல்வரம்பை மட்டும் காட்டி வாங்கிய நம்பிக்கை, வண்டி வராதபோது முதலில் கரைந்துபோனது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதே நாட்டில் அதே காலத்தில் நடந்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஏறத்தாழ 2,800 வண்டிகளில் கருவி பொருத்தி நிஜச் சாலையில், நிஜ மனிதர்களை ஓட்டவைத்துப் பார்த்தார்கள். மெதுவான, செலவான, பெருமைபேச அதிகம் இடம் தராத வேலை. சிமுலேஷனுக்கு அப்படிப்பட்ட தரவுதான் உரைகல்.

நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கேதான் விஷயம் இன்னும் கனமாகிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 என்ற கணக்கோடு, நம் மாநிலமே நாட்டில் முதலிடம். இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு சாவு, கிட்டத்தட்ட, திரையில் இல்லாதவர்களுடையது. அந்தக் கண்காட்சி மேசையில் ஓடிக்கொண்டிருந்த மத்திய கைலாஷில் ஒரு ஸ்கூட்டர் இல்லை. பெசன்ட் நகர் பேருந்துக்கு ஓடும் ஒரு பெண் இல்லை. சாகிறவர்களை நீக்கிவிட்டுச் சாவைக் குறைப்பது எளிது.

இது இரக்கத்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான் என்று பொறியாளர்கள் தோளைக் குலுக்க வேண்டாம். கணக்கிலேயே இடிக்கிறது. ஒரு பாதுகாப்புச் செய்தி 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 60 லட்சம் பிட் என்ற வழக்கமான வேகத்தில் அதை அனுப்ப 0.4 மில்லிநொடி ஆகும். ஆக, எல்லோரும் ரேஷன் கடை வரிசைபோல் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளியே இல்லாமல் பேசினாலும் நொடிக்கு 2,500 செய்திகள்தான் அந்த அலைவரிசையில் அடங்கும். வண்டிக்குப் பத்து செய்தி என்றால் 250 வண்டிகளோடு இடம் தீர்ந்தது. நிஜத்தில் வரிசை கிடையாது. ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சில் மோதும். அதற்கும் முன்பே திணறல் தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு மத்திய கைலாஷைச் சுற்றி முந்நூறு மீட்டரில் எத்தனை இருசக்கர வாகனங்கள் நிற்கும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

எல்லா ஸ்கூட்டருக்கும் கருவி கொடுத்தால் அலைவரிசை கூச்சலில் மூழ்கும். நெரிசல் கூடும்போது ஒவ்வொரு வண்டியும் குறைவாகப் பேச வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகளில் விதிகள் உண்டு. ஆனால் குறைவாகப் பேசினால் எச்சரிக்கை தாமதமாகும். கருவி கொடுக்காவிட்டாலோ, ஸ்கூட்டரில் போகிறவர் அந்த அமைப்பின் கண்ணுக்கு இல்லாதவர். கருவியுள்ள காரின் ஓட்டுநர், எச்சரிக்கை வரவில்லை, எனவே வழி காலி என்று நம்பப் பழகுவார். இந்த இக்கட்டுதான் இந்திய ஆராய்ச்சியின் மையக் கேள்வியாக இருக்க வேண்டும். கார் மட்டும் ஓடும் திரையில் இந்தக் கேள்வி எழவே எழாது. கேள்வி எழாத இடத்தில் சதவீதம் அழகாக வரும்.

சிமுலேஷன் கருவியில் இதற்கு வசதி இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே தடத்தில் இரண்டு மூன்று வண்டிகள் பக்கவாட்டில் ஒட்டிப் போகும்படி செய்யும் அமைப்பு சூமோவில் சில வருடங்களாகவே உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. ஓட்ட நேரமெடுக்கும். கிராஃபில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் நெருங்கிவிடும் அபாயமும் உண்டு. அதனால்தானோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

எனவே நம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். உயிர்காக்கும் தொழில்நுட்பம் என்ற பெயரில், அனுமானங்களை மறைத்து, மாயமான வண்டிகளை எண்ணாமல், ஒரே சீட் எண்ணில் ஓட்டிய சிமுலேஷனின் சதவீதத்தைப் பொதுவில் வைப்பது பொய்ச் சாட்சி. பொய் சொல்லும் எண்ணம் இருந்ததா என்பது இங்கே பொருட்டில்லை. சொன்னதை நம்பி ஒருவர் சாலையில் இறங்குகிறார் என்பதுதான் பொருட்டு. வலப்பக்கம் ஓடும் சென்னையைப் பார்த்தும் கையெழுத்துப் போடும் வழிகாட்டிப் பேராசிரியர், மாணவரைவிடப் பெரிய குற்றத்தைச் செய்கிறார், ஏனென்றால் சம்பளம் வாங்குவது பார்ப்பதற்காக. ப்ராஜெக்ட் சென்டர் வாசலில் மாணவரைக் கொண்டுபோய் நிறுத்துவது, தரவரிசைக்காகக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் நிர்வாகங்கள். பழி அவர்களையே சேரும். நாளை ஒரு நிறுவனம் பேசும் சிக்னல் கம்பங்களை விற்க நகராட்சி வாசலில் வந்து நிற்கும்போது, உங்கள் சிமுலேஷனின் கோப்புகளை வெளியிடுங்கள், எங்கள் சந்திப்பில் ஒரு வாரம் அளந்த தரவோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், இருசக்கர வாகனமும் பாதசாரியும் அதில் எங்கே என்று காட்டுங்கள் என்று கேட்காமல் மக்கள் வரிப்பணத்தை எடுத்துக் கொடுக்கும் அதிகாரி, அலட்சியத்துக்கு அப்பால் போய்விட்டவர். டெண்டர் நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்தால் போதும். சேர்க்கப் பணம் தேவையில்லை.

ஒரு மறுப்பு வரும். இளம் மாணவர்களிடம் இவ்வளவு கறார் காட்டினால் ஆராய்ச்சிக்கே யாரும் வரமாட்டார்கள், முதலில் டீஃபால்ட்டில்தானே எல்லோரும் கற்றுக்கொள்கிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். எர்லாங்கனை ஓட்டிப் பார்த்துக் கற்பதில் கேவலம் ஏதுமில்லை; எர்லாங்கனை ஓட்டினேன் என்று எழுதினால் அது நல்ல ரிப்போர்ட். பயிற்சியைக் கண்டுபிடிப்பு என்று பைண்ட் செய்து தங்க எழுத்து அடிக்கும் இடத்தில்தான் நமக்குத் தகராறு.

கண்காட்சி முடியும் நேரம் அந்த மேசைக்குத் திரும்பப் போனோம். மாணவி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். லெஃப்ட் ஹேண்ட் ஆப்ஷன் கொடுத்து வரைபடத்தை மாற்றியிருந்தார். வண்டிகள் இப்போது நம் ஊர்ப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. "ஒரு டிவிஎஸ் ஃபிப்டியும் விட்டுப் பார்த்தேன் சார்" என்றார். கோப்பில் மொபெட் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். திரையில் அந்தச் சின்ன முக்கோணம் சிக்னலில் ஒரு காருக்குப் பின்னால், தடத்தின் நட்டநடுவில், சரியாக இடைவெளி விட்டு நின்றது. பச்சை விழும்வரை அசையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது யாரோ வெளிநாட்டு ஆளு சார்."

திரையின் அடியில், வழக்கமாகச் சுருக்கி வைத்திருக்கும் செய்திக் கட்டத்தை அவர் மேலே இழுத்துவிட்டிருந்தார். எச்சரிக்கை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒரு காகிதத்தில் அவற்றை நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று எண்ணிக்கொண்டிருந்தார். துப்புரவுப் பணியாளர் விளக்கை அணைக்க வந்து நின்றபோது, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார்.